கடைசிப் பக்கம் கிழிந்த கதை

என் மாமனாருக்குப் புத்தகம் எடுக்கத் தெரியாது என்பது கல்யாணமான முதல் மாதமே தெரிந்துவிட்டது. டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வில்லாபுரத்துக்கு வாழ வந்தவள் நான். பத்தாவது வரை படித்தவள். பிறந்த வீட்டில் மளிகைச் சாமான் மடித்து வரும் காகிதத்தைக்கூட விரித்து நீவிப் படித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவேன். புகுந்த வீட்டில் காலண்டரைத் தவிரப் படிக்க ஒன்றும் இல்லை. அதிலும் ராகுகாலம் எமகண்டமெல்லாம் பத்தே நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது.

மாமனார் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் காப்பி குடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளை நூலகத்துக்குப் போய்விடுவார். அங்கே பேப்பர் படித்து, படித்ததை வாசலில் நின்று நாலு பேருடன் சண்டை போட்டு முடித்து, பசி எடுத்த பிறகுதான் திரும்புவார். உறுப்பினர் அட்டை சட்டைப் பையிலேயே இருக்கும். ஆனால் ஒரு புத்தகம்கூட வீட்டுக்கு வந்ததில்லை. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"மாமா, அங்க கதைப் புஸ்தகம் ஏதாச்சும் இருக்குமா?"

"இருக்குமாவா? செவுரு முட்ட அடுக்கி வச்சிருக்கான். எடுத்தாந்தாப் போச்சு, அதுக்கென்னத்தா."

மறுநாள் எடுத்து வந்தார். அட்டையில் 'கோழிகளுக்கு வரும் நோய்களும் தடுக்கும் முறைகளும்' என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் கோழி கிடையாது. கோழி வளர்க்க இடமும் கிடையாது. நான் புத்தகத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்னத்தா பாக்குற? நல்லாக் கிழிஞ்சிருக்கு பாரு. எம்புட்டுப் பேரு படிச்சிருந்தா இப்பிடிக் கிழிஞ்சிருக்கும்? நல்ல புஸ்தகமாத்தான இருக்கும்."

கூட்டம் இருக்கிற கடையில்தான் டீ குடிப்பார், ஆள் நிறைந்த பஸ்ஸில்தான் ஏறுவார். அதே கணக்கை நூலகத்துக்கும் கொண்டுபோய்விட்டார். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இருந்தாலும் கையில் கிடைத்ததை விடுவேனா? அன்று மத்தியானமே முதல் பக்கத்தைத் திறந்தேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் கோழிப் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்தேன். கோழி ஏன் சின்னச் சின்னக் கல்லைப் பொறுக்கி விழுங்குகிறது என்று அதில்தான் தெரிந்தது. பல் இல்லாததால் வயிற்றுக்குள் ஒரு பையில் கல்லைப் போட்டுவைத்துத் தீனியை அரைத்துக்கொள்கிறதாம். பிறந்ததிலிருந்து கோழிகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். அவை கல்லைக் கொத்துவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லையே என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது. கேள்வி நமக்குத் தோன்றாவிட்டாலும் பதிலை எங்கோ ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

நாங்கள் இருந்தது காம்பவுண்டு வீடு. நடுவில் முற்றம், சுற்றி வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரே குழாய். காம்பவுண்டுப் பெண்கள் அத்தனை பேரும் அப்பளம் தேய்ப்பவர்கள். கம்பெனி ஆள் காலையில் பிசைந்த உளுந்து மாவைக் கொண்டுவந்து பங்கிட்டுக் கொடுப்பார். முற்றத்தில் பலகையும் கட்டையுமாக உட்கார்ந்து தேய்த்து, பாயில் காயவைத்து, அடுக்கி, சாயங்காலம் அவரிடம் கொடுக்கவேண்டும். என் மாமியாரும் அதில் ஒருத்தி. வந்த கையோடு என்னையும் உட்கார்த்திவிட்டார். எனக்கு அப்பளம் வட்டமாக வராது. இலங்கை மாதிரி வரும், இந்தியா மாதிரி வரும்.

அதனால் அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்காரும் நேரத்தில் நான் பலகைக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, தேய்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டே படித்தேன். கோழி கல் விழுங்கும் இடத்தில் என்னையறியாமல் "அட!" என்று சொல்லிவிட்டேன்.

"என்னடி அது?" என்றார் மாமியார். சொன்னேன். கட்டைகள் நின்றன.

"அதான் கோழி அறுக்கும்போது பைக்குள்ள கல்லாக் கெடக்குதா! நாங்கூட மண்ணைத் தின்னுருச்சுன்னு நெனச்சேன்" என்றாள் ஒருத்தி. "வாய்க்குள்ளயே படிக்காதம்மா, எங்களுக்கும் கேக்கட்டும்" என்றாள் இன்னொருத்தி.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் வாய்விட்டுப் படிக்கிறவள் கை சும்மா இருக்கும். அப்பளம் குறைந்தால் கம்பெனி ஆள் முகத்தைச் சுளிப்பார். அதற்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் அப்பளத்தில் கொஞ்சம் எடுத்து என் பாயில் போட்டுவிடுவாள். "வாசிப்புக்கு" என்று அதற்குப் பெயர். யாராவது போட மறந்தால், "இவ இன்னைக்கு வாசிப்புக்குப் போடல, காதைப் பொத்திக்கச் சொல்லு" என்று கேலி செய்வார்கள். என் அடுக்கில் மட்டும் ஒன்று தடியாக, ஒன்று மெலிசாக, ஆளுக்கொரு மாதிரி இருக்கும். கம்பெனி ஆள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "உனக்கு எத்தனை கைம்மா?" என்று கேட்டார். என் மாமியாருக்கும் இதில் சந்தோஷம்தான். இந்தியாவும் இலங்கையும் வருவது நின்றதே.

மாமனார் கிழிந்த புத்தகமாகப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தார். தேனீ வளர்ப்பு வந்தது. பூ எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத் தேனீ ஆடிக் காட்டும் என்று படித்ததும், "நம்ம வீட்டு ஆம்பளைங்க வாயைத் தொறந்து சொல்ல மாட்டேங்கிறாக" என்றாள் ஒருத்தி. பாம்புகளைப் பற்றி வந்தது. பாம்புக்கு மகுடிச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை, ஆட்டுகிற கையைப் பார்த்துத்தான் ஆடுகிறது என்று படித்தபோது பெரிய சண்டையே நடந்தது. என் மாமியார் இரண்டு நாள் அந்தப் புத்தகத்தோடு பேசவில்லை. கிரகணம், கிணறு வெட்டும் முறை, கலங்கரை விளக்கம், சிமெண்டுக் கூரைக் கட்டுமானம் என்று என்னென்னவோ வந்தன. எதுவும் நாங்கள் கேட்டதில்லை. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று எங்களுக்கு இருந்தது.

கதைப் புத்தகங்களும் வந்தன. அங்கேதான் சங்கடம். கிழிந்த புத்தகமாக எடுத்தால் வேறென்ன வரும்? பாதிக் கதைகளுக்குக் கடைசிப் பக்கங்கள் இருக்காது. இருக்கிற துப்பறியும் கதையிலோ, முதல் பக்கத்திலேயே யாரோ ஒரு மகராசன் "கொலைகாரன் தோட்டக்காரன்தான்" என்று பேனாவால் எழுதி வைத்திருப்பான். அந்த மாதிரி எழுத்துகளும் எனக்குப் பிடித்துப்போயின. "அறுவை", "இந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன்", "நீயும் அழுதாயா? நானும்" என்று ஓரங்களில் முகம் தெரியாத ஆட்கள் பேசிக்கொள்வார்கள். ஊரே ஒரே புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துப் படிப்பதுபோல் இருக்கும்.

கடைசிப் பக்கம் இல்லாத கதைகளுக்கு முடிவை நானே சொல்லிவிடுவேன். பக்கம் இருப்பதுபோல் விரல் நகர்த்திக்கொண்டே சொல்வேன். தொலைந்தவன் வருவான், நோயாளி எழுந்து நடப்பான், நிலம் திரும்பக் கிடைக்கும். காம்பவுண்டில் எல்லோருக்கும் நான் சொல்வது தெரியும். "புஸ்தகத்துல இருக்கிறதைவிட நீ சொல்றதுதான்டி நல்லாருக்கு" என்பார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அந்தத் தலைக்கனத்தை ஒரு கதை இறக்கியது.

எங்களுக்கு அடுத்த வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். அது அவளுடைய அண்ணன் வீடு. ஒத்தக்கடைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு, சில வருஷம் இருந்துவிட்டு, ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தவள். குழந்தை இல்லை. அதற்காக மாமியார்க்காரி தினமும் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, சட்டியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி இவளுக்கு வைப்பாளாம். புருஷன் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. "எதிர உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாரு. ஒரு கரண்டி போடுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவளை மறுபடி அனுப்பிவைப்பதற்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அண்ணனுக்கும் வீடு சின்னது. அடிக்காத குடிக்காத மாப்பிள்ளையை விட்டுவிட்டு வந்தாள் என்று சொன்னால் ஊரில் யாரும் ஏற்கமாட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பேச வருவதாக இருந்தது. அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தேய்க்கும் அப்பளம் மட்டும் எப்போதும்போல் அச்சில் வார்த்ததாக இருந்தது.

அந்த வாரம் மாமா கொண்டுவந்த கதையில் ஒருத்தி புருஷன் வீட்டில் பொறுக்க முடியாமல் தகரப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறாள். அம்மா ஊருக்குப் போகிற பஸ் ஒரு பக்கம் நிற்கிறது. புருஷன் ஊருக்குத் திரும்புகிற பஸ் இன்னொரு பக்கம் நிற்கிறது. நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து யோசிக்கிறாள். இரண்டு பஸ்ஸிலும் கண்டக்டர் விசில் ஊதுகிறான். "அவள் எழுந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு" என்று பக்கம் முடிகிறது. அதற்கு மேல் கிழிந்திருந்தது. தையல் நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

வழக்கம்போல் விரலை நகர்த்தி முடிவு சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா கட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதை கேட்கிற பார்வை இல்லை அது. விரலைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

"எந்தப் பஸ்ல ஏறுனா?" என்றாள்.

"கிழிஞ்சிருக்குக்கா."

"நீயா சொல்லாத. எழுதினவுக என்ன எழுதியிருக்காகன்னு எனக்குத் தெரியணும்."

அன்று வாசிப்புக்கு அப்பளம் விழுந்தது. நான்தான் அதை எண்ணி அடுக்கக்கூட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஏதோ ஒரு பெண் எதையோ செய்து முடித்தாள் என்று தெரிய வேண்டியிருந்தது. அது எனக்குப் புரிந்தது. அதனாலேயே பயமாகவும் இருந்தது.

சாயங்காலம் மாமாவிடம் கேட்டேன். இதே புத்தகம் கிழியாமல் வேறொன்று இருக்குமா என்று. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நல்லதாப் பாத்துத்தானத்தா எடுத்தாந்தேன்!"

"நீங்க எடுத்தது நல்ல புஸ்தகம்தான் மாமா. கடைசிப் பக்கம்தான் இல்ல. இனிமே அது இருக்கான்னு பாத்து எடுங்க. நாளைக்கு நானும் வாரேன்."

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் நூலகத்துக்குப் போனதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. மாமா மாமியாரைப் பார்த்தார்.

"கூட்டிட்டுப் போங்க" என்றார் மாமியார். "முடிவு தெரியாம எனக்கே இன்னைக்கு அப்பளம் கோணலா வந்துச்சு."

மறுநாள் மாமா முன்னால் நடக்க, நான் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனேன். ஒரு ஓட்டுக் கட்டிடம். உள்ளே நீள மேசையைச் சுற்றி ஆண்கள், ஆளுக்கொரு பேப்பர் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு. நான் நுழைந்ததும் தாள்கள் எல்லாம் ஒரு சாண் கீழே இறங்கின. பிறகு மறுபடி மேலே ஏறின. மூலையில் ஒரு பெஞ்சு, அதன் மேல் சுவரில் "பெண்கள்" என்று பெயிண்டால் எழுதியிருந்தது. பெஞ்சு முழுக்கப் பழைய பேப்பர்க் கட்டுகள். பெண்கள் யாரும் வராததால் பேப்பருக்குக் கொடுத்துவிட்டார்கள். நூலகர் பதறிப்போய் எழுந்து வந்து இரண்டு கட்டுகளை இறக்கி வைத்தார். ஒரு ஆள் உட்காரும் இடம் கிடைத்தது. நான் உட்காரவில்லை.

நேராக அலமாரிகளுக்குப் போனேன். அங்கே போன பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. அலமாரியில் இருந்த புத்தகங்கள் அவ்வளவு கிழியவில்லை. திருப்பிக் கொடுத்த புத்தகங்களை நூலகர் தன் மேசையில் குவித்து வைத்திருந்தார். மாமா இத்தனை மாதமும் அந்தக் குவியலிலிருந்துதான் எடுத்திருக்கிறார். அலமாரிப் பக்கம் அவர் போனதே இல்லை. வில்லாபுரத்தில் யார் யார் முந்தின நாள் எதைப் படித்து முடித்தார்களோ, அதைத்தான் நாங்கள் மறுநாள் படித்துக்கொண்டிருந்தோம். கோழிப் பண்ணைக்காரர் ஒருவர், வீடு கட்டுகிறவர் ஒருவர், பாம்புக்குப் பயந்தவர் ஒருவர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒவ்வொரு புத்தக முதுகிலும் ஒரு எண் இருந்தது. ஒரே எண்ணுக்கு ஒரே சங்கதி என்று கொஞ்ச நேரம் பார்த்ததும் புரிந்தது. தேனீக்குப் பக்கத்தில் மாடு, மாட்டுக்குப் பக்கத்தில் மீன், அதற்கு அடுத்து ஊறுகாய். இப்படி ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வந்த வேலையை மறந்து அலமாரி அலமாரியாக முதுகுகளை வாசித்துக்கொண்டு நின்றேன். மாமா இருமினார். அப்புறம்தான் நூலகரிடம் கேட்டேன்.

"இந்தப் பிரதி ஒன்னுதான்மா நம்மகிட்ட. டவுன்ல பெரிய நூலகத்துல இருந்தாலும் இருக்கும். அங்க இதைவிடப் பல மடங்கு புஸ்தகம். உக்காந்து படிக்க அட்டை வேண்டியதில்ல, யாரு வேணாலும் போகலாம்."

யாரு வேணாலும் போகலாம். அந்த வார்த்தையை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். இத்தனை காலம் இதை ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

சனிக்கிழமை மாமாவும் நானும் டவுன் பஸ் ஏறினோம். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் முடிவு தெரிந்தாக வேண்டும். பெரிய நூலகத்தில் மாமா பேப்பர் மேசையைக் கண்டதும் சம்பந்தி வீட்டுக்கு வந்தவர்போல் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் உள்ளே போனேன். சுவரோரமாகச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் கம்பியில் கோத்த அட்டைகள். புத்தகத்தின் பெயரை அகராதி வரிசையில் தேடலாம், எழுதியவர் பெயரில் தேடலாம், எதைப் பற்றியது என்றும் தேடலாம். தேங்காய், தேயிலை, தேர், தேள், தேனீ என்று விரலால் தள்ளத் தள்ள ஒரு இழுப்பறைக்குள்ளேயே உலகம் போய்க்கொண்டிருந்தது. தேள் பற்றி ஒருவர் முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார்! நான் தேடி வந்த அட்டையும் இருந்தது. அதன் எண்ணைத் துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுத்ததும் ஊழியர் உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தார்.

கடைசிப் பக்கம் இருந்தது. நின்றபடியே படித்தேன்.

அவள் எழுந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷன் ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். வாசலில் புருஷன் நிற்கிறான், கண் கலங்குகிறான். இவள் அவன் காலடியில் பெட்டியை வைக்கிறாள். தன் வீடு இதுதான் என்று உணர்கிறாள். முற்றும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. முந்நூறு பக்கம் அவளை அழவிட்டு, கடைசிப் பக்கத்தில் இப்படி ஏற்றி அனுப்பிவிட்டாரே. எங்கள் கிளை நூலகப் பிரதியில் அந்தப் பக்கம் தானாகக் கிழியவில்லை, யாரோ ஒருத்தி வயிற்றெரிச்சலில் கிழித்திருக்கிறாள் என்று அந்த நிமிஷம் தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். இந்தப் பிரதியில் கிழிக்கவில்லை, எழுதியிருந்தார்கள். 'முற்றும்' என்பதற்குக் கீழே பென்சிலிலும் பேனாவிலும் ஒரு பஞ்சாயத்தே நடந்திருந்தது. "அருமையான முடிவு." "பொய்." "குடும்பம் என்றால் இப்படித்தான்." "உன் மகளாக இருந்தால் சொல்வாயா?" "பைத்தியக்காரி, பஸ்ஸை மாற்றி ஏறிவிட்டாள்."

திரும்பி வரும் பஸ்ஸில் வழி நெடுக எனக்கு ஒரே யோசனை. பொய் சொல்லிவிடலாம். அம்மா ஊர் பஸ்ஸில் ஏறினாள், தையல் கற்றுக்கொண்டாள், சொந்தக் காலில் நின்றாள். எத்தனை கதைக்கு முடிவு சொன்னவள் நான்! இதற்குச் சொல்ல முடியாதா? ஆனால் அவள் கேட்டது என் முடிவை இல்லை. நீயாகச் சொல்லாதே என்று முகத்துக்கு நேராகச் சொன்னவளிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்கிற பொய்யை நம்பி ஒருத்தி வாழ்க்கையை முடிவு செய்துவிட்டால்? உண்மையைச் சொல்லி அதை நம்பிப் போய்விட்டால்? வில்லாபுரம் வந்ததே தெரியவில்லை. மாமாதான் தட்டி இறக்கினார்.

முற்றத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். அக்கா பலகையிலிருந்து தலை தூக்கவில்லை.

"போயிட்டாக்கா" என்றேன். "புருஷன் ஊரு பஸ்லதான் ஏறுறா. அவரு வாசல்ல நின்னு அழுகிறாரு. அதோட முடியுது."

 மாமியார் "அதுக்குத்தான் இம்புட்டுத் தூரம் போனியா" என்று முனகினார். அக்கா ஒரு அப்பளத்தைத் தேய்த்து முடித்துப் பாயில் போட்டாள். அடுத்த உருண்டையை எடுத்தாள்.

"போன பெறகு?"

"அவ்வளவுதான்க்கா."

"அன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுல அவளுக்குச் சோறு யாரு போட்டா?"

 "அது எழுதல" என்றேன்.

"எழுதலையா?" என்று கட்டையை நிறுத்தினாள். "அப்பக் கதை முடியலையே. இங்க பக்கம் கிழிஞ்சு போச்சு, அங்க பக்கம் தீந்து போச்சு. அம்புட்டுத்தான்."

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் பழமும் பூவுமாக வந்தார்கள். சுவர்கள் ஒட்டிய வீடு. காம்பவுண்டு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. பெரியவர்கள் பேசினார்கள். அண்ணன் பேசினார். பழசை மறந்துவிட வேண்டும் என்றார்கள். எல்லாம் பேசி முடித்து, கிளம்பம்மா என்று சொன்னபோது அக்காவின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை, தெளிவாக இருந்தது.

"வாரேன். இன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு யாரு போடுவாகன்னு மட்டும் அவரைச் சொல்லச் சொல்லுங்க."

 யாரோ தொண்டையைச் செருமினார்கள். என் மாமியார் சுவரில் காதை வைத்தபடி, "சொல்லுய்யா, ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்" என்று பல்லைக் கடித்தார். அவர் கண்ணில் தண்ணீர். மாப்பிள்ளை சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தாராம், பிறகு தரையைப் பார்த்தாராம். அண்ணன்தான் கடைசியில் எழுந்து, பழத்தட்டை எடுத்து அவர்கள் கையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பெரிய வார்த்தை எதுவும் பேசவில்லை. "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். யாரும் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் அவளுக்குச் சுலபமாக இருக்கவில்லை. அண்ணன் பெண்டாட்டியான மதினிக்காரி பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். அக்கா இன்னும் அதிகமாக மாவு வாங்கித் தேய்த்தாள். ஒரு மழை நாள். அப்பளம் காயாது, வேலை இல்லை. என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சேலை மாற்றித் தலை சீவியிருந்தாள்.

"அந்தப் பெரிய நூலகத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போறியா? யாரு வேணாலும் போகலாம்னியே."

இந்தத் தடவை மாமாவைத் துணைக்குக் கூப்பிடவில்லை. இழுப்பறையில் அட்டையை அவளையே தேடச் சொன்னேன். ஐந்தாவதோடு நின்றவள், எழுத்துக் கூட்டிக் கூட்டி, நடுவில் தேளையும் தேயிலையையும் பார்த்து நின்று ஆச்சரியப்பட்டு, கண்டுபிடித்துவிட்டாள். புத்தகம் வந்ததும் முதல் பக்கத்தைப் புரட்டவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். பிறகு கீழே இருந்த பென்சில் பஞ்சாயத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். "பைத்தியக்காரி" இருந்த இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்தாள்.

"பென்சில் வச்சிருக்கியா?"

எதிர்ச் சுவரில் 'புத்தகங்களில் எழுதாதீர்' என்று பலகை தொங்கியது. நான் அதைப் பார்த்தேன், அவளும் பார்த்தாள். பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கொடுத்தேன். எல்லோருடைய எழுத்துக்கும் கீழே மிச்சமிருந்த சின்ன இடத்தில், ஒவ்வொரு எழுத்தையும் அப்பளம்போல் வட்டமாகச் சுழித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

"நான் போகல."

பென்சிலை என்னிடம் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். முதுகை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உளுந்து மாவு வாசனை அடித்தது.

"சரி, வா" என்று கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். "அந்தத் தேளு புஸ்தகத்தை எடுத்துப் பாப்போம். கடைசிப் பக்கம் இருக்கான்னு மொதல்ல பாத்துக்க."